பச்சிளங்குழந்தையின் மூளைப் பக்கவாதம்: ஒரே ஸ்கேன் ஏன் போதுவதில்லை?

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். குழந்தை பிறந்து இரண்டாம் நாள். பால் குடித்துவிட்டு உறங்கும் குழந்தையின் வலக்கை மட்டும் ஒரே சீராக வெட்டி வெட்டி இழுக்கிறது. அருகிலிருக்கும் பாட்டி, "கனவு கண்டு உதறுகிறது" என்கிறார். தாய் அந்தக் கையை மெல்லப் பற்றிக்கொள்கிறார். பற்றிய பிறகும் அசைவு நிற்கவில்லை. செவிலியர் ஓடி வருகிறார், மருத்துவர் பார்க்கிறார், அன்று மாலையே தலைக்கு மீயொலி ஸ்கேன் எடுக்கப்படுகிறது. அதில் குறையொன்றும் தெரியவில்லை. குடும்பத்தார் ஆறுதல் கொள்கின்றனர். மறுநாள் காலையில் மருத்துவர், "எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும்" என்கிறார். "நேற்றுத்தானே ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றீர்கள்? இன்று மறுபடியும் எதற்கு?" என்று தந்தை கேட்கிறார்.

அக்கேள்வி முற்றிலும் நியாயமானது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் பெற்றோர் பலர் அதைக் கேட்கின்றனர். கேட்கத் தயங்கி மனத்துக்குள் வைத்துக்கொள்வோரும் உண்டு. அதற்கான விடையை இக்கட்டுரை விளக்குகிறது.

பச்சிளங்குழந்தைக்கும் பக்கவாதம் வருமா?

வரும். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் ஒன்று அடைபடுவதாலோ, இரத்தம் கசிவதாலோ மூளையின் ஒரு பகுதி பழுதுறுவதே பக்கவாதம். கருவுற்ற 20ஆம் வாரம் முதல் குழந்தை பிறந்த 28ஆம் நாள் வரை ஏற்படும் இத்தகைய பாதிப்பை மருத்துவர்கள் பிறப்பையொட்டிய பக்கவாதம் என வகைப்படுத்துகின்றனர். இதில் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைபடுதல் ஒரு வகை. மூளையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரையில் உறைகட்டி தேங்குதல் மற்றொரு வகை. இரத்தக்கசிவு மூன்றாவது வகை. தமனி அடைப்பு மட்டும் ஏறத்தாழ 2,500 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தையிடம் காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன.

பிறப்பையொட்டிய நாட்களில் தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் எளிதில் உறையும் இயல்பைப் பெற்றிருக்கின்றன. பிரசவத்தின்போது இரத்தப்போக்கு கட்டுக்கடங்கி நிற்க இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அது. நஞ்சுக்கொடியில் உருவாகும் சிறு உறைகட்டி, கருவில் திறந்திருக்கும் இதய இடைச்சுவர்த் துளை வழியாகக் கடந்து மூளையின் தமனியை அடையக்கூடும். கிருமித்தொற்று, பிறவி இதயக் குறைபாடு, பிரசவகாலச் சிக்கல்கள் ஆகியனவும் காரணமாகலாம். குழந்தைகள் பலரிடம் தெளிவான ஒற்றைக் காரணம் கண்டறியப்படுவதேயில்லை. தாய் உண்டது, உண்ணாமல் விட்டது, வேலை செய்தது, பயணம் சென்றது என்று எதையேனும் காரணமாகக் காட்டி அவரை நோகச்செய்வதற்கு மருத்துவ ஆதாரம் எதுவுமில்லை.

அறிகுறி ஏன் மறைந்திருக்கிறது?

பக்கவாதம் என்னும் பெயர் உடலின் ஒரு பக்கம் செயலிழப்பதைக் குறிக்கிறது. பெரியவர்களுக்கு வாய் கோணுகிறது, கை விழுகிறது, பேச்சுக் குழறுகிறது, பார்த்தவுடனே வீட்டார் அறிந்துகொள்கின்றனர். பச்சிளங்குழந்தையிடம் அந்தச் செயலிழப்புத் தொடக்கத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. அதன் கை கால் அசைவுகளை முதல் சில மாதங்கள் வரை பெரும்பாலும் மூளையின் கீழ்ப்பகுதிகளும் தண்டுவடமுமே நடத்துகின்றன. மூளையின் மேற்பரப்பாகிய புறணி அவ்வசைவுகளைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவர மாதங்கள் ஆகும். ஆகவே, புறணி பழுதுற்ற குழந்தையும் இரு கைகளையும் ஆட்டிக்கொண்டு படுத்திருக்கும்.

அதனிடம் முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் வலிப்பு. பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள், ஒரு கையோ காலோ மட்டும் சீரான தாளத்தில் வெட்டி இழுப்பது அதன் குறிப்பிடத்தக்க வடிவம். சில குழந்தைகள் சில நொடிகள் மூச்சை நிறுத்திவிடுகின்றன. சில வெறித்துப் பார்க்கின்றன. சில சுவைப்பதுபோல் உதடுகளை அசைக்கின்றன. சில பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடக்கின்றன. இவை வேறு பல நோய்களிலும் காணப்படுபவை. வெளியே அசைவே தெரியாமல் மூளைக்குள் மட்டும் நிகழும் வலிப்பும் உண்டு, அதை இ.இ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பதிவே காட்டும்.

வெறும் நடுக்கத்தையும் வலிப்பையும் பிரித்தறிய ஓர் எளிய குறிப்பு உண்டு. கையைப் பற்றி மடக்கிப் பிடித்தால் நடுக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். வலிப்பு பிடிக்குள்ளும் தொடரும். எனினும் இதை நீங்களே முடிவு செய்துகொண்டு காத்திருக்கலாகாது. ஐயம் எழுந்தவுடன் செவிலியரை அழையுங்கள்.

உச்சிக்குழி வழியே ஒரு பார்வை

குழந்தையின் தலையுச்சியில் எலும்புகள் இன்னும் கூடாத மென்மையான உச்சிக்குழி இருக்கிறது. அதன்மேல் சிறு கருவியை வைத்து ஒலியலைகளைச் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவதே மீயொலி ஸ்கேன். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை, நாள்தோறும்கூடத் திரும்ப எடுக்கலாம். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் குழந்தைக்குத் தொட்டிலருகிலேயே செய்யக்கூடிய ஸ்கேன் இது. மூளையின் நடுவிலுள்ள நீரறைகளின் வீக்கத்தையும் இரத்தக்கசிவையும் இது நன்கு காட்டும்.

ஆனால் தமனி அடைப்பால் ஏற்படும் பாதிப்பு, பெரும்பாலும் நடு மூளைத் தமனி உணவூட்டும் பக்கவாட்டுப் பரப்பில் நிகழ்கிறது. வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் மிகுதி. உச்சியிலிருக்கும் சிறு சாளரத்தின் வழியே பார்க்கும்போது மூளையின் நடுப்பகுதி தெளிவாகவும், பக்கவாட்டு விளிம்புகள் மங்கலாகவும் தெரிகின்றன. மேலும், இரத்தம் கிடைக்காத பகுதி மீயொலிப் படத்தில் வெளிறித் தெரியத் தொடங்குவதற்குச் சில நாட்கள் ஆகலாம். ஆதலால் முதல் நாள் குறையற்றதாகத் தோன்றிய படம் ஐந்தாம் நாள் மாறக்கூடும். முதல் நாள் மருத்துவர் சொன்னது தவறு என்று இதற்குப் பொருளில்லை. அன்று அந்தக் கருவிக்குப் புலப்படும் அளவுக்கு மாற்றம் இன்னும் முதிரவில்லை என்பதே பொருள். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த தந்தையின் கேள்விக்கு முதல் விடை இதுவாகும்.

சி.டி. ஸ்கேன் விரைவானது, சில நிமிடங்களில் முடிவது, அவசர நிலையில் இரத்தக்கசிவைக் காண உதவுவது. ஆயினும் அது ஊடுகதிர்களைப் பயன்படுத்துகிறது. வளரும் மூளைக்குக் கதிர்வீச்சைக் கூடியவரை தவிர்ப்பதே முறை. அத்துடன் பச்சிளங்குழந்தையின் மூளையில் தொடக்கநிலைத் தமனி அடைப்பை அது எளிதில் காட்டுவதில்லை. காரணம், அந்த மூளையிலுள்ள நீர்.

நீர் நிறைந்த மூளை

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் எடையுடையது. அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். வளர்ந்தவரின் மூளையில் நீரின் பங்கு 70 முதல் 80 விழுக்காடு வரை. நரம்பிழைகளைச் சுற்றிப் படரும் மயலின் என்னும் கொழுப்புறை பிறப்பின்போது ஒரு சில பகுதிகளில் மட்டுமே உருவாகியிருக்கும்; ஏனைய பகுதிகளில் அடுத்த இரண்டாண்டுகளில் படிப்படியாக வளரும்.

இதனால் குழந்தையின் மூளைப் படம் பெரியவரின் படத்துக்கு ஏறக்குறைய தலைகீழாகத் தோன்றுகிறது. எம்.ஆர்.ஐ.யின் டி2 வகைப் படத்தில் பெரியவரின் வெண்பொருள் கருமையாகத் தெரியும். குழந்தையின் வெண்பொருளோ நீரின் மிகுதியால் வெளிறித் தெரியும். பக்கவாதத்தால் வீங்கிய பகுதியும் அதே படத்தில் வெளிறியே தெரிகிறது. வெண்சுவரில் படிந்த சுண்ணாம்புக் கறையைத் தேடுவது போன்ற வேலை அது. அனுபவமுள்ள ஊடுகதிரியல் மருத்துவர் வேறொரு தடயத்தைத் தேடுகிறார். வெளிறிய வெண்பொருளைச் சுற்றி மெல்லிய கரிய நாடாபோல் ஓடும் புறணி, ஓரிடத்தில் மட்டும் அறுபட்டு மறைந்திருக்கிறதா என்று இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். பாதிப்பு இரு பக்கங்களிலும் இருந்துவிட்டால் அந்த ஒப்பீடும் கைகொடுக்காது.

நீரின் அசைவைப் படிக்கும் முறை

இந்த இடரைக் கடக்க உதவுவது டிஃப்யூஷன் என்னும் எம்.ஆர்.ஐ. முறை. திசுக்களுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அலைகின்றன என்பதை அது அளக்கிறது. இரத்தம் தடைபட்டதும் செல்களின் அயனியேற்று அமைப்புகள் நின்றுபோகின்றன. நீர் செல்களுக்குள் புகுந்து சிறைப்படுகிறது. அதன் அசைவு குறைகிறது. அந்தக் குறைவு படத்தில் ஒளிரும் திட்டாகத் தோன்றுகிறது. 1986இல் பிரான்சில் டெனி லெ பியான் உள்ளிட்டோர் இம்முறையை மூளைக்குப் பயன்படுத்திக் காட்டினர். 1990இல் அமெரிக்காவில் மைக்கேல் மோஸ்லி குழுவினர், பூனைகளின் மூளைத் தமனியை அடைத்துச் செய்த ஆய்வில், அடைப்பு நிகழ்ந்து ஒரு மணி நேரத்திற்குள்ளேயே மாற்றத்தை இம்முறையால் காண முடியும் என்று காட்டினர். இன்று பச்சிளங்குழந்தையின் தமனி அடைப்பைக் கண்டறிவதற்கு இதுவே மிக நம்பத்தக்க முறை.

இதற்கும் காலக்கெடு உண்டு. பாதிப்பு நிகழ்ந்த சில மணி நேரத்தில் எடுத்த படம் அதன் முழுப் பரப்பைக் காட்டாமல் போகலாம். நாட்கள் செல்லச் செல்ல, பழுதுற்ற செல்கள் சிதைந்து, சிறைப்பட்ட நீர் மீண்டும் விடுபடுகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் நீரின் அசைவு இயல்பான அளவைக் கடந்து செல்லும் கட்டம் ஒன்று வருகிறது. அந்நாளில் டிஃப்யூஷன் படத்தை மட்டும் பார்த்தால் பாதிப்பே இல்லாதது போலத் தோன்றும். இதனைப் பொய்யான இயல்புநிலை என்பர். பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் இது முன்னதாகவே வந்துவிடுகிறது. அதனால்தான் மருத்துவர்கள் பொதுவாக முதல் வாரத்திற்குள், பெரும்பாலும் அறிகுறி தோன்றிய சில நாட்களுக்குள், எம்.ஆர்.ஐ. எடுத்துவிட விரும்புகின்றனர். "குழந்தை கொஞ்சம் தேறட்டும், பத்து நாள் கழித்துப் பார்க்கலாம்" என்று குடும்பத்தார் தள்ளிப்போடும்போது மருத்துவர் கவலைகொள்வதற்கு இதுவே காரணம். காலம் கடந்து எடுக்கும்போது டி1, டி2 வகைப் படங்களையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கும்.

தெரிவதெல்லாம் பக்கவாதமல்ல

இல்லாததை இருப்பதாகக் கொள்ளும் ஆபத்தும் உண்டு. பிறப்புவழியில் வரும்போது குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறுகின்றன. அதனால் உச்சிக்கு அடியில் ஓடும் பெருஞ்சிரை அமுங்கி, சிரைகளைக் காட்டும் படத்தில் அடைபட்டதுபோல் இடைவெளி தோன்றலாம். மெதுவாக ஓடும் இரத்தமும் அவ்வாறே மயக்கம் தரும். உண்மையான சிரை உறைகட்டிக்கு உறைதல் தடுப்பு மருந்து தேவைப்படலாம். மயக்கத் தோற்றத்திற்கு அது தேவையில்லை. ஆகவே மருத்துவர் வேறு கோணத்திலோ வேறு முறையிலோ மறுபடியும் பார்த்து உறுதிசெய்கிறார்.

அதேபோல், இயல்பான பிரசவத்தில் பிறந்து நலமாக இருக்கும் குழந்தைகள் பலரிடமும் மூளையுறைக்கு அடியில் மெல்லிய இரத்தக்கசிவு காணப்படுவதுண்டு. பெரும்பாலும் அது சில மாதங்களில் தானே மறைந்துவிடும். அறிக்கையில் "இரத்தக்கசிவு" என்ற சொல்லைக் கண்டதும் கலங்காமல், அது எங்கே, எவ்வளவு, குழந்தையின் அறிகுறியோடு பொருந்துகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மயக்க மருந்தின்றி எம்.ஆர்.ஐ.

எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தால் இயங்குவது, ஊடுகதிர் அதில் இல்லை. ஆனால் படமெடுக்கும் அரைமணி நேரம் அல்லது அதற்கு மேலும் குழந்தை அசையாதிருக்க வேண்டும். சிறு அசைவும் படத்தைக் குலைத்துவிடும். மயக்க மருந்தைத் தவிர்க்க எளிய வழி ஒன்று பரவலாகக் கையாளப்படுகிறது. ஸ்கேனுக்குச் சற்று முன்பு வரை குழந்தையைப் பசியோடு வைத்திருந்து, வயிறு நிறையப் பாலூட்டி, கதகதப்பான துணியில் இறுகச் சுற்றி, காதுகளுக்கு ஒலித்தடுப்பு வைத்து, இயல்பாக உறங்கச் செய்வதே அது. இதில் தாயின் பங்கே பெரிது. எப்போது பாலூட்ட வேண்டும் என்பதைச் செவிலியர் சொல்லும் நேரத்தில் சரியாகச் செய்தால் மருந்தின்றியே படம் கிடைக்க வாய்ப்பு மிகுதி. மயக்க மருந்து கொடுக்கப்போவதாக மருத்துவர் முன்பே கூறியிருந்தால் மட்டும் பாலூட்டும் நேரம் வேறுபடும். அப்போது அவர் சொல்வதே விதி.

அரைஞாணில் கோத்த வெள்ளிமணி, தாயத்து, காப்பு, கொலுசு, ஊசி என எந்த உலோகமும் குழந்தையின் உடலிலோ துணியிலோ இருத்தலாகாது. உள்ளே உடன்வரும் பெற்றோருக்கும் இவ்விதி பொருந்தும். கண்மையும் மைப்பொட்டும் துடைக்கப்பட வேண்டும். சில வகை மையில் உலோகப்பொருள் கலந்திருக்கலாம். தாயத்தை அவிழ்ப்பது மனத்துக்கு வருத்தமாக இருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். ஸ்கேன் முடிந்ததும் மறுபடியும் கட்டிக்கொள்ளலாம்.

படம் எவ்வளவு தூரம் சொல்லும்?

பச்சிளங்குழந்தையின் தமனி அடைப்புக்கு, பெரியவர்களுக்குத் தருவதுபோல் உறைகட்டியைக் கரைக்கும் மருந்து வழக்கமாகத் தரப்படுவதில்லை. அப்படியானால் இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிப்பது எதற்கு என்று கேட்கலாம். வலிப்பைக் கட்டுப்படுத்தவும், அதற்குப் பின்னாலிருக்கும் மூளைக்காய்ச்சல், இதயக் குறைபாடு, சர்க்கரைக் குறைவு போன்றவற்றைத் தேடிச் சிகிச்சை தரவும், சிரை உறைகட்டியைப் பிரித்தறியவும் துல்லியமான கண்டறிதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சியை எப்போது, எந்தக் கைக்குத் தொடங்குவது என்பதை அது முன்கூட்டியே காட்டுகிறது.

புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்புப் பாதையிலும் டிஃப்யூஷன் படத்தில் மாற்றம் தெரிந்தால், பின்னாளில் ஒரு பக்கக் கை கால் செயல்குறைவு வரும் வாய்ப்புக் கூடுதல். அப்பாதை தெளிவாக இருந்தால் நம்பிக்கை கூடுதல். ஆயினும் அது முழு எதிர்காலத்தையும் எழுதிவிடுவதில்லை. பாதிக்கப்பட்ட குழந்தைகள் எல்லாருக்கும் கை கால் செயல்குறைவு வருவதில்லை. வந்தவர்களிலும் பெரும்பாலோர் தாமாகவே நடக்கக் கற்றுக்கொள்கின்றனர். இடப்பக்க மூளை பழுதுற்ற குழந்தைகள் பலரிடம் மொழித்திறனை வலப்பக்கம் ஏற்றுக்கொள்கிறது. கவனம், கற்றல், வலிப்பு ஆகியவற்றில் சிலருக்குப் பின்னர்த் தொல்லைகள் எழலாம் என்பதால் பள்ளிப் பருவம் வரை தொடர் கண்காணிப்புத் தேவை. இவ்வகைத் தமனி அடைப்பு அதே குழந்தைக்கு மீண்டும் வருவது அரிது.

பிந்தித் தெரியும் குழந்தைகள்

பிறந்த நாட்களில் எந்த அறிகுறியும் காட்டாமல் வீடு சென்ற குழந்தைகளும் உண்டு. நான்கைந்து மாதங்களில் ஒரு கை மட்டும் எப்போதும் மூடிய விரல்களோடு இருக்கும். கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் நீட்டினாலும் குழந்தை ஒரே கையால் வாங்கும். "இப்போதே வலக்கைப் பழக்கம் வந்துவிட்டது" என்று வீட்டார் மகிழ்வதுண்டு. ஒரு வயதுக்கு முன் ஒரு கையை மட்டும் திட்டவட்டமாக விரும்புவது இயல்பன்று. மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி. அப்போது எடுக்கும் எம்.ஆர்.ஐ. பழைய பாதிப்பின் வடுவைக் காட்டும். பிந்திவிட்டதே என்று வருந்தி ஒதுங்க வேண்டியதில்லை. செயல்குறைந்த கையைப் பயன்படுத்தத் தூண்டும் பயிற்சிகள் அப்போதும் பயன் தரும். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் அரசு நடத்தும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இயன்முறைப் பயிற்சியும் வளர்ச்சிக் கண்காணிப்பும் வழங்கப்படுகின்றன.

பெற்றோர் கவனத்துக்கு

கருவி காணாததைக் கண் காண்பதுண்டு. ஐயத்துக்குரிய அசைவைக் கண்டால் முதலில் செவிலியரை அழையுங்கள். உடனிருப்பவர் கைப்பேசியில் அதைப் படம்பிடிக்கட்டும். எந்தக் கை அல்லது கால், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், பற்றியபோது நின்றதா, குழந்தையின் நிறம் மாறியதா என்று குறித்துவையுங்கள். மூளையின் எந்தப் பக்கத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதை இக்குறிப்பு மருத்துவருக்குச் சொல்லும். வலக்கை இழுத்தால் பார்க்க வேண்டியது பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம்.

ஸ்கேன் அறிக்கை கைக்கு வரும்போது மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. இது எந்த வகை ஸ்கேன்? எதை நன்றாகக் காட்டும், எதைத் தவறவிடக்கூடும்?

2. அறிகுறி தோன்றிய எத்தனையாவது நாளில் எடுக்கப்பட்டது? அந்த நாள் இந்த ஸ்கேனுக்கு ஏற்றதா?

3. ஸ்கேனில் குறையில்லை, ஆனால் அறிகுறி தொடர்கிறது என்றால் அடுத்து என்ன செய்வீர்கள்? எப்போது செய்வீர்கள்?

4. தமனி அடைப்பா, சிரை அடைப்பா, இரத்தக்கசிவா? இயக்க நரம்புப் பாதை எவ்வாறு இருக்கிறது?

5. இயன்முறைப் பயிற்சி எப்போது தொடங்க வேண்டும்? அடுத்து யாரிடம், எந்தத் தேதியில் காட்ட வேண்டும்?

ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் நாள் வரிசைப்படி ஒரே உறையில் பாதுகாத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் குழந்தையைப் பார்க்கும்போது, முதல் நாள் எடுத்த அந்தக் குறையற்ற படமும் அவருக்குத் தேவைப்படும்.